கொட்டாய்ல பட்டறை, ஆர்சியில அப்பா பேரு: பழைய ஜீப்புக்கு வீட்லயே பார்ட்ஸ் செய்யலாமா?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. ஊர் பேரு வேணாம்னு கேட்டுக்கிட்டதால போடல. வயசு 38. ஒன்பது வருஷம் மஸ்கட்ல ஃபேப்ரிகேஷன் யார்டுல வெல்டரா இருந்துட்டு இப்ப ஊரோட வந்து ஆறு மா நிலத்த பாத்துக்கிட்டிருக்காரு. அப்பா வச்சிருந்த 1968 மாடல் மகிந்திரா ஜீப்பு ஒண்ணு, பானெட் உசரமா இருக்குமே அந்த சிஜே-3பி, பெட்ரோல் வண்டி. 2018 கஜா புயல்ல கொட்டாய் சரிஞ்சு வண்டி மேல விழுந்து கண்ணாடி ஃப்ரேமும் ஹூடு கம்பியும் நசுங்கிப் போச்சு, அதோட அப்பா அத தொடவே இல்ல, நாலு வருஷம் முன்னாடி அவரும் தவறிட்டாரு.

இவரு ஒரு இன்வெர்டர் வெல்டிங் மிஷினும் ஹேண்ட் கிரைண்டரும் ட்ரில்லும் வைஸும் வாங்கிப் போட்டு, மோட்டார் கொட்டாய் பக்கத்துலயே சின்னதா ஒரு பட்டறை மாதிரி வச்சுக்கிட்டாரு. துருப்புடிச்ச தரைய வெட்டிட்டு 16 கேஜ் தகட்டுல புதுசா அடிச்சிருக்காரு, கண்ணாடி ஃப்ரேம், பேட்டரி தட்டு, சீட் ஃப்ரேம் எல்லாம் சொந்த வேல. மூணு இஞ்ச் ஜிஐ பைப்புல ரோல் பார் போட்டிருக்காரு. வண்டி உசரமா நிக்கணும்னு ஸ்பிரிங் பட்டைய சேசிஸோட கோக்கற ஷாக்கில ரெண்டு இஞ்ச் நீளம் கூட்டி செஞ்சு மாட்டினாரு, அப்புறம் ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுத்து நின்னுச்சுன்னு ஸ்டீயரிங்க திருப்பினா சக்கரத்துப் பக்கம் இழுத்து தள்ளற டிராக் லிங்க் கம்பிய வெட்டி, உள்ள ஸ்லீவ் வச்சு, நீளம் கூட்டி ஒட்டியிருக்காரு. அடுத்து புதுப்பேட்டையில ஒரு டீசல் இன்ஜின் பாத்து வச்சிருக்காராம்.

கேள்வி இதுதான். நம்ம வண்டிக்கு நாமளே பார்ட்ஸ் செய்யறது குத்தமா? தஞ்சாவூர்ல இருக்கற மச்சான், வின்டேஜ் நம்பர் வாங்கிட்டா அதுக்கப்புறம் என்ன வேணா மாத்திக்கலாம்னு சொல்றாரே, நெசமா? பட்டுக்கோட்டையிலயும் காரைக்கால்லயும் ரெண்டு நண்பருங்க அவங்க ஜீப்புக்கும் ஷாக்கில், பம்பர் செட்டு கேக்கறாங்க, காசு வாங்கிக்கிட்டு செஞ்சு குடுக்கலாமா? தங்கச்சி ஜீப்புல எனக்கும் பங்கு இருக்குன்னு சொல்லுது, கல்யாணத்துல 40 பவுன் போட்டாச்சே? நடுவுல ரெண்டு வரி, கேள்வியா கூட இல்ல, சும்மா போற போக்குல: "40ல போனா ஸ்டீயரிங் உதறுது சார், வீல் பேலன்ஸ் பண்ணா சரியாயிடும்னு நினைக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஆத்தங்கரைக்கு போலாம்னு இருக்கேன்."

தம்பி, நான் வக்கீலு, மெக்கானிக் இல்ல. ஆனா முப்பது வருஷமா எம்.சி.ஓ.பி. கேஸு நடத்தறேன், அதாவது வண்டி மோதி அடிபட்டவங்க, செத்தவங்க வீட்டுக்காரங்க நஷ்டஈடு கேட்டு போடற கேஸு, அதனால உங்க மத்த கேள்வியெல்லாம் அப்பறம், முதல்ல அந்த ரெண்டு வரி. ஸ்டீயரிங் உதறுதுங்கறது வீல் பேலன்ஸ் சமாச்சாரமா எனக்கு படல. நான் இத எழுதறதுக்கு முன்னாடி எனக்கு தெரிஞ்ச ஒரு பழைய ஜீப்பு மெக்கானிக்குக்கு உங்க கடிதத்த படிச்சு காட்டினேன். அவரு டீ டம்ளர கீழ வச்சுட்டு சொன்னாரு: ஷாக்கில்ல ரெண்டு இஞ்ச் கூட்டினா வண்டி தூக்கறது என்னமோ ஒரு இஞ்ச் தான், ஆனா ஆக்ஸில் சாய்ஞ்சு, சக்கரத்த நேரா ஓட வைக்கற காஸ்டர் கோணம் மாறிடும், அந்த வண்டியில ஆக்ஸில் மேல பெல் கிராங்க்னு ஸ்டீயரிங் இழுப்ப ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சு விடற ஒரு துண்டு இருக்கு, அது எல்லா பழைய ஜீப்புலயும் தேஞ்சுதான் இருக்கும், ரெண்டும் சேந்தா உதறாம என்ன செய்யும். அந்த உதறல் ஒவ்வொண்ணும் நீங்க ஒட்டின அந்த டிராக் லிங்க்குலதான் போயி அடிக்குது.

எனக்கு ஏன் பதறுதுன்னா, ஒரு பழைய கேஸு. ஒரு லோடு வண்டி, முன் சக்கரங்கள சேத்து திருப்பற டை ராடு வளைஞ்சதுன்னு பட்டறையில வெட்டி நேராக்கி ஒட்டி ஓட்டியிருக்காங்க, ஒரு சாயங்காலம் அது விட்டுப்போச்சு, எதிர்ல சைக்கிள்ல வந்தவரு போயிட்டாரு. உடைஞ்ச துண்ட மஞ்சப்பையில போட்டு என் மேஜைக்கு கொண்டாந்தாங்க. மேல பாத்தா ஒட்டு அவ்வளவு அழகு, மீன் செதில் அடுக்கின மாதிரி வரிவரியா. திருப்பி உடைஞ்ச முகத்த பாத்தேன், முக்கால்வாசி கறுத்துப் போயி துரு ஏறியிருக்கு, ஓரத்துல கால்வாசி மட்டும் புதுசா பளபளன்னு இருக்கு. அதாவது ரொம்ப நாளைக்கு முன்னாடியே முக்கால்வாசி விட்டுப்போச்சு, தண்ணி உள்ள போயி துருவும் புடிச்சிருச்சு, அந்த கால்வாசி இரும்புதான் அத்தனை நாளும் வண்டிய தாங்கிட்டிருந்திருக்கு. ஓட்டுனவருக்கு ஒண்ணும் தெரியாது. ஒட்டுனவரும் மோசமான வேலக்காரரு இல்ல, உங்கள மாதிரி கை சுத்தமான ஆளுதான். யார்டுல நீங்க ஒட்டினத எக்ஸ்ரே எடுத்து பாத்திருப்பாங்க, டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, அதுலயும் ஒண்ணு ரெண்டு ரிஜெக்ட் ஆயிருக்கும்னு உங்களுக்கே தெரியும். கொட்டாய்ல யாரு எக்ஸ்ரே எடுக்கறது?

அதனால டிராக் லிங்க்க கழட்டுங்க, ஷாக்கில்ல பழைய அளவுக்கே மாத்துங்க. ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டதுல நெறைய ஃபோர்ஜிங், அடிச்சு செஞ்ச இரும்பு, அதுல எதையும் வெட்டி ஒட்டறது கூடாது, அதே மாதிரி ஸ்பிரிங் பட்டையில வெல்டிங் ராட தொடவே கூடாது, சூடு பட்ட எடத்துல டெம்பர், அதாவது இரும்புக்கு ஏத்தின உறுதி, போயி அங்கயே ஒருநாள் பட்டுனு போகும். பிரேக் பைப்புக்கு செம்பு குழாய வளைச்சு மாட்டற வேலயும் வேணாம். இந்த மூணும் காசு குடுத்து வாங்கற சாமான், செய்யற சாமான் இல்ல.

ஜீப்பு இப்ப யாருது?

நீங்க எழுதினதுல "என் ஜீப்பு"ன்னு பதினாலு தடவ வருது, எண்ணினேன். சட்டப்படி அது இன்னும் உங்களுது இல்ல. அப்பா உயில் எழுதாம போயிருந்தா, இந்து வாரிசுரிமை சட்டப்படி அம்மா, நீங்க, தங்கச்சி மூணு பேருக்கும் சமமா மூணுல ஒரு பங்கு. கல்யாணத்துல நகை போட்டாச்சு அதனால பங்கு கெடையாதுங்கறது நம்ம ஊர் திண்ணையில சொல்ற கணக்கு, கோர்ட்டு அத ஏத்துக்காது. தங்கச்சி சொல்றது சரி. சண்டைக்கு சொல்லுதா பாசத்துல சொல்லுதான்னு எனக்கு தெரியாது, ஆனா அந்த வண்டியில அப்பா ஓட்ட அதுவும் பின்னாடி உக்காந்து போயிருக்கும்ல, அத கேட்டு பாருங்க முதல்ல.

ஆர்சி மாத்தறதுக்கு வழி இருக்கு. ஓனர் செத்துட்டா, வண்டிய வச்சிருக்கறவங்க மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31ல எழுதிக் குடுக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி சொல்லுது. நீங்க நாலு வருஷம் விட்டுட்டீங்க, அதனால தாமதத்துக்கு ஏதாவது கட்ட சொல்வாங்க, பயப்படற விஷயம் இல்ல. தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அம்மாவும் தங்கச்சியும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்த கடிதம், அந்த பழைய ஆர்சி புஸ்தகம். ஆர்சி 2016லயே முடிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதையும் சேத்து புதுப்பிக்கணும், அது அஞ்சஞ்சு வருஷத்துக்குதான் குடுப்பாங்க. இவ்வளவு பழைய புஸ்தகம் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்க வாய்ப்பு கம்மி, முதல்ல பேக்லாக் என்ட்ரி போட சொல்லி கேளுங்க, இல்லன்னா ஆன்லைன்ல உங்க நம்பர தட்டினா ஒண்ணுமே வராது. கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து காருக்கெல்லாம் 600லேர்ந்து 5,000 ஆச்சு, பழைய வண்டிக்கு அதுக்கப்புறமும் ஏத்தியிருக்காங்க, பசுமை வரி தனி, அதனால போற அன்னைக்கு என்ன தொகைன்னு பரிவாகன் தளத்துல பாத்துட்டு போங்க.

இத ஏன் முதல்ல செய்யச் சொல்றேன்னா, நாளைக்கு ஒரு விபத்துன்னு வந்தா நஷ்டஈடு கேக்கறவங்க உங்கள மட்டும் பார்ட்டியா சேக்க மாட்டாங்க. வண்டி செத்துப்போனவரு பேர்ல இருக்குன்னா வாரிசு எல்லாரையும் சேப்பாங்க, ரெண்டாவது எதிர்மனுதாரர் உங்க அம்மா, மூணாவது தங்கச்சி. இன்சூரன்ஸ் வேற இல்ல உங்கள்ட்ட. தீர்ப்புத் தொகை மொத்தமும் அந்த ஆறு மா நிலத்து மேலதான் போய் நிக்கும்.

இன்னொண்ணு, "ரோட்டுக்கு போறதில்ல சார், ஆத்தங்கரையிலயும் வாய்க்கா கரையிலயும்தான் ஓட்டறேன்"னு எழுதியிருக்கீங்க. இது நெறைய பேரு நினைச்சுக்கற தப்பு. பொது இடம்னு சட்டம் சொல்றது தார் ரோட்ட மட்டும் இல்ல, பொதுஜனம் போக உரிமை இருக்கற எந்த வழியும் பொது இடம்தான். பாமணி ஆத்தங்கரை சர்க்கார் கரை, பால்காரரு போறாரு, ஸ்கூல் புள்ளைங்க போவுது, அங்க ஆர்சியும் இன்சூரன்ஸும் இல்லாம ஓட்டினா ரோட்ல ஓட்டின மாதிரியேதான். வேலி போட்ட உங்க தென்னந்தோப்புக்குள்ள ஓட்டுங்க, அது வேற.

எது ரிப்பேரு, எது மாத்தறது

நம்ம வண்டிக்கு நாமளே பார்ட்ஸ் செய்யறது குத்தமான்னு கேட்டீங்க. செய்யறது குத்தம் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கேக்கறது ஒண்ணுதான்: கம்பெனிக்காரன் செஞ்சு அனுப்பினப்ப ஆர்சியில என்ன விவரம் இருந்துச்சோ அதுலேர்ந்து வண்டி மாறிப்போச்சா? மாற்றம்னா என்னன்னும் அதுலயே விளக்கம் இருக்கு, அடிப்படை அம்சம் மாறற மாதிரி வண்டியோட அமைப்ப மாத்தறது. கேரளாவுலேர்ந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இத கெட்டியா சொல்லிடுச்சு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்த முடியாதுன்னு. அதே வருஷம் சட்டத்துல 182ஏன்னு ஒண்ணு சேத்தாங்க, அனுமதி இல்லாம மாத்தினா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா, இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ரெண்டும். ஒரு வண்டிக்கு 5,000 இல்ல தம்பி, ஒவ்வொரு மாற்றத்துக்கும்.

இந்த கண்ணோட உங்க வேலைய ஒவ்வொண்ணா பாப்போம். துருப்புடிச்ச தரைய அதே வடிவத்துல புது தகட்டுல அடிச்சது ரிப்பேரு. பேட்டரி தட்டு, சீட் ஃப்ரேம், ஹூடு கம்பி, கதவு கீல், டூல் பாக்ஸ், எல்லாம் ரிப்பேரு, மனசார செய்யுங்க. சொல்லப்போனா நீங்க அனுப்பின ஃபோட்டோவுல அந்த கண்ணாடி ஃப்ரேம் மூலைய பாத்து அசந்துட்டேன், கடையில வாங்கினா கூட அவ்வளவு சுத்தமா வராது. கண்ணாடி மட்டும் லேமினேட்டட், உடைஞ்சா சிதறாத கண்ணாடி, போடுங்க, சாதா ஜன்னல் கண்ணாடிய அறுத்து மாட்டறவங்கள பாத்திருக்கேன்.

ரோல் பார் விஷயம் சங்கடம். ஆர்டிஓ ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருத்தரு சும்மா பாத்துட்டு விடுவாரு, இன்னொருத்தரு கழட்டிட்டு வான்னு திருப்பி அனுப்புவாரு. ஆனா சட்டத்த விடுங்க, ஜிஐ பைப்பு தண்ணி போறதுக்கு செஞ்ச குழாய், வண்டி உருண்டா அது உங்கள காப்பாத்தும்னு நினைக்காதீங்க, அதுவும் தலைக்கு பின்னாடி ஒரு கை நீளத்துல வெறும் இரும்பா நிக்குது, சடன் பிரேக் போட்டா பின்னாடி உக்காந்திருக்கற பையன் தல எங்க போயி இடிக்கும்னு ஒரு தடவ உக்காந்து பாருங்க. முன்னாடி மாட்டறதுக்கு புல் பார் மாதிரி ஒண்ணு வரைஞ்சு அனுப்பியிருக்கீங்களே, அது வேணவே வேணாம், 2017 டிசம்பர்லயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதி அதெல்லாம் 52வது பிரிவுக்கு விரோதம்னு சொல்லியாச்சு. ஜீப்போட வந்த அந்த ஒத்த இரும்பு பம்பர் அழகாத்தான் இருக்கு.

டீசல் இன்ஜின் தெளிவா மாற்றம். ஆர்சியில பெட்ரோல், வண்டியில டீசல், கேள்வியே இல்ல. இன்ஜின் மாத்தணும்னா முன்கூட்டி ஒப்புதல் வாங்கணும், 1968 வண்டியில வேற ஒரு வண்டி டீசல் இன்ஜினுக்கு ஒப்புதல் கிடைக்கும்னு நான் உங்களுக்கு ஆச காட்ட மாட்டேன். அந்த 2.2 லிட்டர் வில்லிஸ் பெட்ரோல் இன்ஜின்தான் அந்த வண்டியோட உசுரு, அத தொறந்து பாருங்க. பழைய இன்ஜின் எது வாங்கினாலும் சரி, பில்லு இல்லாம, நம்பர் தேச்ச இன்ஜின காயலாங்கடையிலயோ வேற எங்கயோ வாங்காதீங்க, அது திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா ஸ்டேஷன்ல உக்காந்து பதில் சொல்றது நீங்கதான். சேசிஸ்ல கிரைண்டர் ஓட்டும்போது சேசிஸ் நம்பர் அடிச்ச எடத்த முதல்ல கண்டுபுடிச்சு, கிரீஸ் தடவி துணி கட்டி வச்சுடுங்க, பென்சில் தேச்சு அந்த நம்பர பேப்பர்ல எடுத்துதான் ஃபார்ம்ல ஒட்டணும், அது தேஞ்சு போச்சுன்னா நல்ல வண்டியும் திருட்டு வண்டி மாதிரி ஆயிடும்.

போல்ட்டு பத்தி ஒரு வார்த்த. அந்த வண்டி மரை எல்லாம் இஞ்ச் மரை. மில்லிமீட்டர் நட்ட வச்சு முறுக்கினா ரெண்டு சுத்து புடிக்கும், புடிச்ச மாதிரியே இருக்கும், ஓடற ஓட்டத்துல கழண்டுடும். எங்க சித்தப்பா கும்பகோணத்துல லேத்து பட்டறை வச்சிருந்தாரு, இப்படி மாத்தி முறுக்கிட்டு வர்றவங்கள பாத்து வண்டிக்கு மரை கழண்டுச்சா உனக்கான்னு கேப்பாரு.

மச்சான் சொன்ன வின்டேஜ் நம்பர்

மச்சான் பாதி கேட்டுட்டு சொல்லியிருக்காரு. 2021 ஜூலையில வந்த விதி அது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டின, சொந்த உபயோக வண்டிக்கு வின்டேஜ் பதிவு உண்டு, உங்க வண்டி வயசுக்கு தாராளமா வரும். புது பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும், நம்பர்ல விஏன்னு எழுத்து வரும். ஆனா மச்சான் சொல்லாம விட்டது ரெண்டு. வண்டி அதோட அசல் உருவத்துல இருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் பண்ணியிருந்தா வின்டேஜே கிடையாது. என்ன வேணா மாத்திக்கலாம்ங்கறதுக்கு நேர் எதிர் இது. ரெண்டாவது, அந்த நம்பர வச்சுக்கிட்டு தெனமும் கடைத்தெருவுக்கு போக முடியாது, கண்காட்சி, வின்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துட்டு போக, இவ்வளவுதான்.

வைக்கோல் ஏத்திக்கிட்டு, உர மூட்டை போட்டுக்கிட்டு, புள்ளைங்கள கூட்டிக்கிட்டு திருவாரூர் தேருக்கு போற வண்டியா வேணும்னா அது உங்களுக்கு ஒத்து வராது. என்னய கேட்டா சாதாரண புதுப்பித்தலுக்கே போங்க. நல்ல வேளையா நீங்க செஞ்சதுல திருப்ப முடியாதது ஒண்ணும் இல்ல, ஷாக்கில கழட்டினா போச்சு, டிராக் லிங்க்கு புதுசா வாங்கினா போச்சு. வேற இன்ஜின் மாட்டினீங்கன்னா ரெண்டு கதவும் மூடிடும்.

நண்பர்களுக்கு செஞ்சு குடுக்கறது

இங்கதான் உங்க ஆபத்து ஒண்ணு பத்தாகுது. உங்க வண்டிக்கு நீங்க செஞ்சா அது எந்த தேதியில செஞ்சது, எத்தன நாள் ஓடுது, எங்க கீறல் விட்டிருக்குன்னு உங்களுக்கு தெரியும், ராத்திரி டார்ச் அடிச்சு பாப்பீங்க. பட்டுக்கோட்டைக்கு போன ஷாக்கில யாரு பாப்பா? அவரு வண்டிய வித்துட்டா, அடுத்து வாங்கினவருக்கு அது வீட்ல செஞ்சதுன்னே தெரியாது.

சட்டம் ரெண்டு பக்கம் புடிக்கும். பாதுகாப்புக்கு முக்கியம்னு அரசு அறிவிச்ச பாகம் ஏதாவது தரத்துக்கு ஒத்து வராம வித்தா ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபா அபராதம், இல்ல ஒரு வருஷம் வரை ஜெயிலு, இல்ல ரெண்டும்னு அதே 182ஏயில இருக்கு. அதுக்கு மேல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல பொருள் பொறுப்பு, அதாவது குறையுள்ள பொருளால கெடுதல் வந்தா செஞ்சவரு பதில் சொல்லணும்னு ஒரு அத்தியாயமே இருக்கு, செஞ்சவரு சின்ன ஆளா பெரிய கம்பெனியான்னு அது பாக்காது. காரைக்கால் பாண்டிச்சேரி கணக்குதானேன்னு நினைக்காதீங்க, ரெண்டும் மத்திய சட்டம், அரசலாத்த தாண்டினாலும் அதேதான். காசு வாங்காம ஃப்ரெண்ட்ஷிப்புல குடுத்தேன்னு சொன்னாலும், கவனக்குறைவா செஞ்ச பொருளால ஒருத்தரு செத்தா பாரதிய நியாய சன்ஹிதா 106வது பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கு, அங்க வந்து ரசீது இல்லைங்கறதெல்லாம் எடுபடாது.

அவங்களுக்கு ஏதாவது செஞ்சு குடுக்கணும்னு கை அரிச்சா கண்ணாடி ஃப்ரேம் செஞ்சு குடுங்க, ஹூடு கம்பி வளைச்சு குடுங்க, சீட் ஃப்ரேம் பண்ணுங்க. இதெல்லாம் உடைஞ்சா எரிச்சல் வரும், உசுரு போவாது. அதையே தொழிலா பண்ணணும்னு தோணிச்சுன்னா டவுன்ல சின்னதா எடம் புடிச்சு சின்ன தொழிலுக்கான உத்யம் பதிவு, கரண்டு கனெக்‌ஷன் எல்லாம் முறையா போட்டு செய்யுங்க. அந்த கைக்கு டெல்டாவுல வேல கெடைக்காம போவாது, டிராக்டர் பெட்டி கட்ட ஆள் இல்லாம எத்தன பேரு அலையறாங்க.

மோட்டார் கொட்டாய் கரண்டு

போற போக்குல எழுதியிருக்கீங்க, "பம்ப்செட் லைன்லேர்ந்து எடுத்துக்கிட்டேன், அது ஃப்ரீதானே சார்". ஃப்ரீ தண்ணி இறைக்கறதுக்கு, தம்பி. விவசாயத்துக்குன்னு குடுத்த இணைப்புல வெல்டிங் ஓட்டினா மின்சாரச் சட்டம் 2003ல 126வது பிரிவு, கண்டுபுடிச்சா ரெண்டு மடங்கு கட்டணம், எப்பலேர்ந்துன்னு தெரியலன்னா ஒரு வருஷத்துக்கு கணக்கு போடுவாங்க, திருட்டுன்னு 135ல கொண்டு போறதும் உண்டு. அதெல்லாம் விட, மேட்டூர் தண்ணி வராத வருஷத்துல அந்த போர் மோட்டார்தான் உங்க குறுவைய காப்பாத்தறது. அந்த இணைப்ப வெட்டிட்டாங்கன்னா ஒரு ஷாக்கிலுக்காக நாத்தங்கால காய விடுவீங்களா? அந்த ஒயர இன்னைக்கே உருவிடுங்க. வீட்டு இணைப்புலேர்ந்து சொந்த வேலைக்கு கொஞ்சமா ஓட்டுங்க, நடுவுல ஆர்சிசிபி, கரண்டு கசிஞ்சா தானா நிறுத்தற சுவிட்சு, ஒண்ணு போடுங்க, மழ மாசத்துல நம்ம மண்ணுத் தரையில ஈரத்துல நின்னு வெல்டிங் புடிக்கறது விளையாட்டு இல்ல. பக்கத்து வீட்டு பெரியம்மா கிரைண்டர் சத்தத்துக்கு கத்தறாங்கன்னு எழுதியிருக்கீங்க, மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு தூங்கற நேரம், அத விட்டுட்டு பண்ணுங்க, அதுக்கு சட்டம் வேணாம்.

உங்க காய்ச்சலும் பையனும்

ரோல் பார் ஒட்டின அன்னைக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து காலையில தானா விட்டுருச்சு, கொசு போலன்னு எழுதியிருக்கீங்க. ஜிஐ பைப்பு மேல இருக்கறது துத்தநாகப் பூச்சு, அத எரிச்சா வர்ற வெள்ளப் புகைய இழுத்தா சரியா அப்படித்தான் வரும், சாயங்காலம் தொண்ட கசக்கும், ராத்திரி நடுக்கம், மறுநாள் சரியாயிடும். பட்டறைக்காரங்க பால் குடிச்சா போயிடும்னு சொல்வாங்க, பாலு வயித்துக்குப் போவுது, புகை நுரையீரலுக்குல்ல போவுது. பூச்ச தேச்சு எடுத்துட்டு, காத்தாட வெளியில வச்சு ஒட்டுங்க, மூச்சு முட்டினாலோ காய்ச்சல் மறுநாளும் இருந்தாலோ டாக்டர பாருங்க. அதே மாதிரி பெட்ரோல் டேங்க்க, எத்தன தடவ கழுவி இருந்தாலும், நீங்க ஒட்டாதீங்க. காலி டேங்க்குதான் வெடிக்கும், நெறஞ்ச டேங்க்க விட.

எட்டு வயசு பையன் கிட்ட நின்னு வேடிக்க பாக்கறான், அவங்கம்மா திட்டறான்னு எழுதியிருக்கீங்க. அவங்க பக்கம்தான் நானு. அந்த வெளிச்சம் பட்ட அப்ப ஒண்ணும் தெரியாது, நடுராத்திரி கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், அப்ப தாய்ப்பால் விடு உருளக்கெழங்க வைன்னு ஆளாளுக்கு சொல்வாங்க, ஒண்ணும் விடாம கண் டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க. அவன விரட்ட வேணாம், அப்பா வேல செய்யறத பாக்க எந்த பையனுக்குத்தான் ஆச இருக்காது. ராடு புடிக்கற நேரம் உள்ள அனுப்பிடுங்க. ஆறினதுக்கு அப்புறம் உப்புத்தாள் போட, பெயின்ட் அடிக்க, நட்டு போல்ட்ட சைஸ் வாரியா டப்பாவுல பிரிச்சு போட, அவனுக்கு வேல நெறைய இருக்கு.

இந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் டவுன் பஸ்ல போங்க, ஜீப்பு கொட்டாய்லயே நிக்கட்டும். வெட்டி ஒட்டின அந்த டிராக் லிங்க்க தூக்கிப் போடாம வைஸ்ல மாட்டி, ஒட்டின எடத்த குறுக்கால அறுத்து பாருங்க, உள்ள எவ்வளவு தூரம் புடிச்சிருக்குன்னு உங்க கண்ணுக்கே தெரியும். வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட்டுட்டு, தங்கச்சிகிட்ட பேசிட்டு எழுதுங்க, ஃபார்ம் 31ஓட என்னென்ன வைக்கணும்னு உங்க பழைய ஆர்சிய பாத்து சொல்றேன். அதோட எல்லா பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பின்னாடி ஒட்டியிருக்கற அந்த கிழிஞ்ச பக்கத்தையும் விடாம.